அந்த அதிகாரி ஏன் நம் தெருவுக்கு வந்தார்?



திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கும் பிள்ளைகள். திங்கள் முதல் வெள்ளி வரை பாடம், சனிக்கிழமை கதை. ஒரு சனிக்கிழமை போனபோது எல்லோரும் 'அயலான்' படத்தையே பேசிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் டிவியில் போட்டிருக்கிறார்கள். 2024 பொங்கலுக்கு வந்த படம். பூமியைக் காப்பாற்ற வரும் வேற்றுக்கிரகவாசிக்கு ஒரு விவசாய இளைஞன் துணையாக நிற்பான். சரி, அதையே எடுத்துக்கொள்வோம் என்று பலகையில் இப்படி எழுதிப்போட்டோம்: வேறொரு கிரகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். அவருடைய கிரகம் அழியப்போகிறது. மனிதர்களிடம் போய் உதவி கேட்க அவருக்கு விருப்பமே இல்லை. மேலிடம் அனுப்பிவிட்டது, வந்துவிட்டார். மீதியை நீங்கள் எழுதுங்கள்.

பதினேழு நோட்டு வந்தது. ஐந்து பேர் கப்பலை அமெரிக்காவில் இறக்கியிருந்தார்கள். ஆறு பேர் சென்னையில், அதிலும் பெரும்பாலும் மெரினாவில். இரண்டு பேர் கெட்டிக்காரர்கள், ஸ்ரீஹரிகோட்டாவில் இறக்கிவிட்டார்கள். மூன்று பேர் இங்கேயே, ஊர்த்தெருவில்: கோயில் திடல், பஞ்சாயத்து ஆபீஸ், ரைஸ்மில் களம். உதவி செய்யும் நாயகர்கள் போலீஸ், விஞ்ஞானி, இல்லாவிட்டால் சினிமா நடிகர். தன் பேரையோ தன் அப்பா பேரையோ யாரும் வைக்கவில்லை.

"ஏன்டா, கப்பல் நம்ம தெருவுல இறங்கக் கூடாதா?" என்று ஒரு பையனிடம் கேட்டோம்.

"எடம் எங்கண்ணா இருக்கு?" என்றான். அது உண்மைதான். மூன்று சென்ட்டில் இரண்டு குடும்பம் இருக்கிற தெருவில் பறக்கும் தட்டை எங்கே நிறுத்துவது. பக்கத்திலிருந்தவன் சொன்னதுதான் எங்களை உட்கார வைத்துவிட்டது. "இங்க வந்து இறங்குச்சின்னு சொன்னா யாருண்ணா நம்புவாங்க?"

பதினேழாவது கதையைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். எட்டாவது படிக்கும் ஒரு பெண் எழுதியது. அவளுடைய அதிகாரியும் முதலில் ஊர்த்தெருவில்தான் இறங்குகிறார். அங்கே நாற்காலி போட்டு இளநீர் கொடுக்கிறார்கள். என்ன சமாச்சாரம் என்று கேட்கிறார்கள். எங்கள் கிரகத்தில் சாக்கடையெல்லாம் அடைத்துக்கொண்டது, மெஷின் எல்லாம் நின்றுவிட்டது, யாருக்கும் அள்ளத் தெரியவில்லை, நாற்றத்திலேயே எல்லோரும் செத்துவிடுவார்கள் என்கிறார். அவர்கள் கையை நீட்டி, "அந்த வேலைக்கு ஆளுங்க அங்க இருக்காங்க" என்று நம் தெருவைக் காட்டுகிறார்கள். அவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு வருகிறார். தெருவுக்குள் வரவில்லை, முனையிலேயே நிற்கிறார். "யாருப்பா அங்க?" என்று கூப்பிடுகிறார். அவளுடைய அப்பா போகிறார். நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு கப்பலில் ஏறி, மூன்றே நாளில் அந்தக் கிரகத்தைச் சுத்தம் செய்து காப்பாற்றிவிட்டுத் திரும்புகிறார். அதிகாரி ஒரு மெடல் தருகிறார். முற்றும்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பதினேழு பேரில் அவள் ஒருத்திதான் சொந்த அப்பாவை நாயகனாக வைத்தவள். எங்களுக்குக் கைதட்டவும் முடியவில்லை, தட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

ரப்பர் பூட்ஸும் மாஸ்க்கும் அவள் கற்பனை செய்தவை அல்ல. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது தென்பெண்ணை எங்கள் பக்கத்தில் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். காலனி எப்போதும் தாழ்வான இடத்தில்தான் இருக்கும், தண்ணீருக்கும் அது தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு ஓர் அதிகாரி வந்தார். எந்தத் துறை, எந்த ஆபீஸ் என்பது இங்கே முக்கியமில்லை. தெருமுனையில் நின்றார். வீடு இடிந்ததா, அரிசி நனைந்ததா என்று கேட்க வரவில்லை. ஊர்ப்பக்கம் மாடுகள் செத்துக் கிடக்கின்றன, வாய்க்கால் அடைத்திருக்கிறது, நான்கு ஆள் வேண்டும் என்றார். அவருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. நேராக முகம் பார்த்துப் பேசவில்லை. நல்ல மனிதராகவும் இருக்கலாம். நான்கு பேர் போனார்கள். அவர்களுடைய சொந்த வீட்டில் அப்போது முழங்கால் அளவு சேறு.

எங்கள் வகுப்புக் கதையில் வந்த 'விருப்பமில்லாத அதிகாரி' உண்மையில் பலமுறை வந்து போனவர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பிணங்களை எடுக்க வேறு நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வண்டி ஏற்றிக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் தலித்துகள். அதே கடற்கரையில் தலித் குடும்பங்களை நிவாரண முகாமில் சேர்க்க மறுத்த கதைகளும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் இருக்கின்றன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள்தான் வந்து குப்பையை அள்ளினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கிரகம் அழியப்போகிறது, ஒவ்வொரு முறையும் நம் தெருமுனையில் ஒருவர் வந்து நிற்கிறார். கிரகம் பிழைத்த பிறகு கப்பல் அவர்களைக் கொண்டுவந்து அதே முனையில் இறக்கிவிடுகிறது.

கப்பல் எங்கே இறங்குகிறது, யாரை எதற்காகக் கூப்பிடுகிறது என்ற கேள்வி தமிழ் சினிமாவுக்கும் பழையது. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்து 'கலை அரசி' வந்தது. வேற்றுக்கிரகவாசிகளைக் காட்டிய முதல் தமிழ்ப்படம். அந்தக் கிரகத்தில் விஞ்ஞானம் பெருகிக் கிடக்கிறது, கலை கிடையாது. பூமிக்கு வந்து பாடத் தெரிந்த ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அவள் அவர்களுக்கு இசை கற்றுத்தர வேண்டும். நம்பியார்தான் தூக்கிப்போகிறவர். வேடிக்கையான படம், கிடைத்தால் பாருங்கள். பார்க்கும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். பூமியிலிருந்து கலை வேண்டும் என்றால் பறை அடிக்கிறவரையோ தெருக்கூத்து ஆடுகிறவரையோ தேடி ஒரு கப்பல் வரும் என்று நம் கதாசிரியர்களுக்குத் தோன்றியதே இல்லை. கலைக்கு ஆள் தேடினால் ஒரு வாசல், சாக்கடைக்கு ஆள் தேடினால் வேறு வாசல். எட்டாவது படிக்கும் பெண்ணுக்கு இது தெரிந்திருக்கிறது.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மேலுலகத்திலிருந்து ஒருவர் வந்து மனிதரை உரிமை கோரி வழக்காடிய இடம் திருவெண்ணெய்நல்லூர்தான். சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலில் கிழவர் வேடத்தில் வந்த சிவன், நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது, அவனும் அவன் வம்சமும் எனக்கு வேலை செய்ய வேண்டும் என்கிறார். சுந்தரர் சிரிக்கிறார். அந்தணர் இன்னொரு அந்தணருக்கு அடிமையாவது எங்காவது உண்டா என்று கேட்கிறார். பெரியபுராணம் சொல்வது அதுதான். ஓலை எழுதி மனிதரை வம்சத்தோடு கட்டிப்போடுவது பற்றி அந்தச் சபையில் யாருக்கும் ஆச்சரியமில்லை. யாரை யார் கட்டுவது என்பதில்தான் வழக்கு. கிருபாபுரீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் வழக்குத் தீர்த்த மண்டபத்தைக் காட்டிப் பக்தியோடு கதை சொல்கிறார்கள். பாட்டன் பட்ட கடனுக்குப் பேரன் பண்ணையில் கிடந்த வீடுகளிலிருந்து வந்த எங்களுக்கு அந்த ஓலைதான் கண்ணில் படுகிறது. கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1976இல். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் வழக்கைத் தீர்க்க மண்டபம் ஏதும் இருந்ததில்லை.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு கறுப்பின வழக்கறிஞர் மிகக் கடுமையாகக் கேட்டிருக்கிறார். டெரிக் பெல், ஹார்வர்டு சட்டப் பள்ளியில் நிரந்தரப் பணியில் அமர்ந்த முதல் கறுப்பினப் பேராசிரியர். அவருடைய 1992ஆம் ஆண்டு நூல் ஒன்றில் 'விண்வெளி வணிகர்கள்' என்று ஒரு கதை உண்டு. 2000 ஜனவரி 1 அன்று கப்பல்கள் வருகின்றன. நாட்டின் கடனை அடைக்கத் தங்கம், சுற்றுச்சூழலைச் சுத்தப்படுத்தும் ரசாயனம், ஆபத்தில்லாத அணுசக்தி எல்லாம் தருகிறோம் என்கிறார்கள். பதிலுக்கு நாட்டிலுள்ள கறுப்பின மக்கள் அத்தனை பேரும் வேண்டும். எதற்கு என்று சொல்லவில்லை. விவாதம் நடக்கிறது, வழக்கு நடக்கிறது, கடைசியில் மக்கள் வாக்கெடுப்பு. நூற்றுக்கு எழுபது பேர் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறையான ஜனவரி 17 அன்று சங்கிலி பூட்டி ஏற்றிவிடுகிறார்கள். (அதே ஜனவரி 17இல்தான், 2016இல், ரோஹித் வெமுலா நம்மை விட்டுப் போனார். கார்ல் சாகன் போல அறிவியல் எழுத ஆசைப்பட்டவர். தற்செயல்தான், ஆனாலும் அந்தத் தேதியை எழுதும்போது கை நின்றுவிடுகிறது.)

இங்கே அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தால் எண்ணிக்கை என்னவாக இருக்கும் என்று நாங்கள் ஊகிக்கப் போவதில்லை. நம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போனதற்காக 2023இல் நம் பிள்ளைகள் அடிபட்டார்கள். கோயிலுக்கே சீல் வைத்தார்கள். போலீஸ் பாதுகாப்போடு நம் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆனது. எண்ணிக்கையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அன்று இரவு வகுப்பு முடிந்து எங்களுக்குள் சண்டை. ஒரு தோழர், அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், சாக்கடை அள்ளுவதைப் பெருமையாக எழுதக் கூடாது என்றார். இன்னொருவர், அவள் சாக்கடையைப் பெருமையாக எழுதவில்லை, அப்பாவைத்தான் எழுதியிருக்கிறாள், அதைப் பிடுங்க நீ யார் என்றார். இரண்டு பேரும் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறோம். ஆதிக்கக் கருத்தை ஒடுக்கப்பட்டவர்களே உள்வாங்கிக்கொள்வது பற்றி எம்.ஏ. சமூகவியலில் பத்து மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அவள் முகத்தைப் பார்த்து அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

ஒன்று மட்டும் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவளுடைய கதையில் குறை அப்பா உதவி செய்தது அல்ல. அழிகிற கிரகத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர் அவர், அதை மறுக்க வேண்டியதில்லை. குறை, அவர் எதுவும் கேட்காமல் கப்பலில் ஏறியது. வந்தவருக்குத்தான் தேவை, இவருக்கு இல்லை. பேரம் பேசும் இடத்தில் இருப்பவர் இவர். ஆனாலும் 'யாருப்பா அங்க?' என்ற ஒரு குரலுக்கு எழுந்து போய்விடுகிறார். மனிதர் கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. இதெல்லாம் செத்த பிறகு கிடைக்கும் பேரம். உயிரோடு இருக்கும்போது, இறங்குவதற்கு முன்னால், மேலே நிற்கிறவரிடம் நான்கு கேள்வி கேட்கிற பழக்கம் நம் தெருக்களுக்கு வரவேண்டும். சங்கம் என்பதே அதற்குத்தான். உங்களில் கல்லூரியில் படிக்கிறவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, உங்கள் ஊராட்சித் தூய்மைக் காவலர்களுக்குச் சம்பளம் எவ்வளவு, கையுறை கொடுத்தார்களா, வெள்ளத்தில் செய்த கூடுதல் வேலைக்குக் கூலி வந்ததா என்று விசாரியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட பத்து ரூபாய்தான் ஆகும்.

கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறிவியல் புனைகதை நமக்கானது இல்லை என்று நினைக்காதீர்கள். ஆக்டேவியா பட்லர் பற்றிய தொகுப்பு நூலுக்காக 2018இல் ஹியூகோ விருதுப் பட்டியலில் இடம்பெற்ற மிமி மண்டல் தலித் பெண். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைகதைகளுக்கென்றே 2024இல் ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு போட்டது. அது போல ஒன்று நேரடியாகத் தமிழில் வர வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை அவளிடம் நாங்கள் எதையும் திருத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "அந்த அதிகாரி கூப்பிட்டதும் உங்க அப்பா அவருகிட்ட எதுவுமே கேக்கலையாம்மா?"

கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். நோட்டை வாங்கிக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார்ந்தாள். வகுப்பு முடிகிற நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். மெடலை அடித்துவிட்டிருந்தாள். கப்பலில் கால் வைப்பதற்கு முன்னால் அப்பா நின்று, அதிகாரியின் மாஸ்க்கைக் கழற்றச் சொல்கிறார். அவர் கழற்றுகிறார். அப்பா கேட்கிறார்: "உங்க கிரகத்துல எங்களுக்கு எந்தப் பக்கம் வீடு குடுப்பீங்க?"

அதிகாரி என்ன சொன்னார் என்று கேட்டோம்.

"இன்னும் யோசிச்சிக்கினு இருக்காருக்கா" என்றாள்.