பிரயாணியின் இராச் சாப்பாடு

உத்தியோக நிமித்தமாக ஊர் ஊராகச் செல்கிறவர்களுக்கு ஆரோக்கியமான ஆகாரத்தைப் பற்றி உபதேசம் செய்கிறவர்கள், எதைத் தின்னலாம், எதைத் தின்னலாகாது என்று பதார்த்தங்களின் ஜாபிதாவை நீட்டுகிறார்களே ஒழிய, அந்த மனிதர் எத்தனை மணிக்குச் சாப்பிட உட்காருகிறார், அந்நேரத்தில் அந்த ஊரில் எந்தக் கடை திறந்திருக்கிறது, அங்கே என்ன மிச்சம் இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. நம் தமிழ்நாட்டைப் பொறுத்தமட்டில், பிரயாணியின் காலைச் சாப்பாட்டிலும் மதியச் சாப்பாட்டிலும் பெரிய குறை ஒன்றும் இல்லை. அவர் உடம்பைக் கெடுப்பது இராச் சாப்பாடுதான். அதைச் சீர்செய்யும் பொறுப்பு அவரைக் காட்டிலும் அவரை அலைய வைக்கிறவர்களுக்கே அதிகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

விழுப்புரமானாலும் விருதுநகரானாலும், பொழுது விடியும்போதே பேருந்து நிலையத்தின் அருகில் ஆவி பறக்க இட்டலி கிடைக்கிறது. அரிசியும் உளுந்தும் அரைத்து, இரவெல்லாம் புளிக்க வைத்து, எண்ணெய் படாமல் ஆவியில் வேகும் அந்தப் பதார்த்தத்தைவிட வழிநடைக்காரருக்கு உகந்த காலை ஆகாரத்தை நான் அறியேன். மதியம் இலை போட்டுச் சாப்பிடுகிற ஹோட்டலில் சோறு கேட்கக் கேட்க வரும், பொரியல் மட்டும் ஒரு கரண்டியோடு நின்றுவிடும் என்பது உண்மையே. ஆயினும், “அண்ணே, கூட்டு இன்னும் கொஞ்சம் வைங்க” என்று கேட்டால் முகம் சுளிக்கிற பரிமாறுபவரை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி நாளொன்றுக்குக் காய்கறி 400 கிராமும் பழம் 100 கிராமும் வேண்டும். ஒரு கரண்டிக் கூட்டில் அது நிறைவேறாது என்பதால், இரண்டாவது முறை சோற்றைக் கேட்பதற்கு முன் காயைக் கேட்டு வாங்கிக்கொள்வதும், பழனிப் பக்கம் போனால் ஆயக்குடிக் கொய்யாவையும், மற்ற ஊர்களில் பெட்டிக்கடையில் தொங்கும் வாழைத்தாரில் இரண்டு பழத்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதும் எவராலும் ஆகக்கூடிய காரியமே.

டீ விஷயம் சற்றுச் சங்கடமானது. கடை கடையாக ஆர்டர் எடுக்கப் போகிற விற்பனைப் பிரதிநிதிக்குக் கடைக்காரர் அன்போடு வரவழைத்துக் கொடுக்கும் டீயை மறுப்பது மரியாதையன்று. ஆனால், சர்க்கரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருப்பதே உத்தமம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரண்டு கரண்டி போட்ட டீ மூன்று குடித்தாலே அந்த அளவை எட்டிவிடும். “சீனி கம்மியா” என்று கூசாமல் சொல்லப் பழகுவதைத் தவிர வேறு உபாயம் இல்லை. அதைவிட மனத்தை வருத்துவது, வேலை காரணமாகத் தினமும் பேருந்தில் போகிற பெண்கள் பலர், சுத்தமான கழிப்பறை வழியில் இராது என்ற பயத்தினாலேயே, காலையிலிருந்து மாலைவரை தண்ணீரைத் தொடாமல் இருந்துவிடுவது. அவர்களிடம் போய் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வதற்கு முன், பேருந்து நிலையங்களைப் பராமரிக்கும் நகராட்சிகள் அங்கே சுத்தமான கழிப்பறைக்கு வழிசெய்ய வேண்டும்.

இனி இரவுக்கு வருகிறேன். ‘ரெப்’ என்று அழைக்கப்படும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவரின் மாலைப்பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் மாலையில்தான் உட்காருகிறார்கள். பலர் கடைசி டோக்கன் போன பிறகே ரெப்புகளை உள்ளே அழைக்கிறார்கள். தோளில் பையுடன் வராந்தாவில் நின்று, உள்ளே போய் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வெளியே வரும்போது மணி பத்து ஆகியிருக்கும். சைவ ஹோட்டலில் நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துவிட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். எதிர்ச்சாரியில் விளக்கு எரிவது பரோட்டாக் கடை ஒன்றில்தான். எண்ணெய் பூசிய மைதா உருண்டைகள் வரிசையாக இருக்க, மாஸ்டர் ஒன்றை எடுத்துத் தட்டி, பலகைமேல் வீசி விரித்து, சுருட்டி, கல்லில் போட்டுச் சுற்றிலும் எண்ணெய் விட்டு, வெந்தவற்றை அடுக்கி இரண்டு கைகளாலும் அடித்து உதிர்க்கிறார்; இலையில் பிய்த்துப் போட்டதும் சால்னா குளமாக ஊற்றப்படுகிறது. அதன் ருசியை நான் இகழவில்லை. எப்போதாவது ஆசைக்குச் சாப்பிடுகிறவருக்கு அதனால் பாதகமும் இல்லை. மாதத்தில் பாதி இரவுகள் அதுவே ஆகாரமாகி, தின்ற கையோடு லாட்ஜ் அறையில் படுத்து உறங்கி, மறுநாள் விடியற்காலையில் அடுத்த ஊருக்கு வண்டி ஏறுகிற வாழ்க்கை பத்து வருஷம் நடந்தால், அவர் யாருக்காகச் சர்க்கரை வியாதி மாத்திரைகளைச் சுமந்து திரிகிறாரோ அந்தக் கூட்டத்தில் அவரும் சேர்ந்துவிடும் அபாயம் இருக்கிறது. 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14 சதவீதத்துக்கும் மேல் என்றும் கணக்கிட்டிருக்கிறது.

பணமும் இதில் கலந்திருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் தினப்படியை எச்.க்யூ. (இருப்பிட ஊர்), எக்ஸ்-ஸ்டேஷன் (அன்றே போய்த் திரும்பும் ஊர்), அவுட்-ஸ்டேஷன் (இரவு தங்கும் வெளியூர்) என்று தரம் பிரித்து, நாளொன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுப்பது வழக்கம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணமும் மனத்தில் இருக்கிற குடும்பஸ்தர் அந்தத் தொகையில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இயற்கை. மிச்சம் பிடிக்க இடம் தருவதோ வயிறு ஒன்றுதான். சாப்பாட்டுப் பங்கைத் தனியே பிரித்து, ஊருக்கு ஒரு நல்ல ஹோட்டலில் கம்பெனியே கணக்கு வைத்துக் கொடுத்துவிட்டால், அந்த மிச்சம் பிடிக்கும் ஆசைக்கே இடமிராது. விற்பனை இலக்கை மாதாமாதம் கணக்கிடத் தெரிந்த மேலாளர்களுக்கு இது அசாத்தியமான ஏற்பாடு அன்று.

அகால வேளையில் வருகிறவருக்கு எளிய சோறு போடுவது இந்த நாட்டுக்குப் புதிதும் அன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், ராமேசுவரம் போகும் பாதையில் இருந்த சத்திரங்களின் நடைமுறையை விஸ்தாரமாகச் சொல்கிறார்: ஜாதி வித்தியாசமின்றி வருகிறவர் எல்லோருக்கும் சோறு, சமைத்ததை ஏற்காதவருக்கு அரிசியும் மற்றச் சாமான்களும், நோயுற்றவருக்கு மருந்தும் அதற்குரிய பத்தியமும், நடுநிசியில் மணி அடித்து, அதுவரை உண்ணாதவர்களைக் கூப்பிட்டு, ஆக்கி வைத்த சோற்றைப் படைப்பது. நடுநிசியில் மணி அடித்துப் பசித்தவனைக் கூப்பிட்ட அந்த ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. இன்று நெடுந்தூரப் பேருந்து நிற்கும் வழியோர உணவகத்தில், “வண்டி பத்து நிமிஷம் நிக்கும்” என்ற குரலைக் கேட்டு இறங்குகிற பிரயாணிக்கு வேறு கடை தேடிப்போக வழியில்லை. அந்த உணவகங்களுக்கு அனுமதி கொடுக்கிற போக்குவரத்துக் கழகங்கள், இரவு முழுவதும் இட்டலியும் தயிர்ச்சோறும் நியாயமான விலையில் இருந்தாக வேண்டும் என்பதை நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.

ஒரு காசும் செலவாகாத பரிகாரம் டாக்டர்களின் கையில் இருக்கிறது. சில ஆஸ்பத்திரிகளில் ரெப்புகளைப் பார்ப்பதற்கென்று கிழமையும் வேளையும் குறித்துப் பலகை மாட்டியிருக்கிறார்கள். சொந்தக் கிளினிக் வைத்திருப்பவர்களும் அவ்வாறே, இரவு கடைசி டோக்கனுக்குப் பிறகு என்பதை விட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் அரைமணி நேரத்தையோ, மாலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்னுள்ள கால்மணி நேரத்தையோ ஒதுக்கிவிட்டால், அந்த இளைஞர்கள் எட்டு மணிக்குள் வேலையை முடித்து, ஹோட்டலில் இட்டலிப் பானையை இறக்குவதற்குள் போய் உட்கார்ந்துவிடலாம்.