பாகாஜதீனில் சாய்ந்த கட்டடம்: கேள்வி அடித்தளத்தைப் பற்றியது

கொல்கத்தா: தெற்கு கொல்கத்தாவின் பாகாஜதீனில் 2025 ஜனவரி 14 அன்று நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று, அதனை உயர்த்தும் பணி நடைபெற்றபோதே பக்கவாட்டில் சாய்ந்தது. குடியிருப்போர் முன்னரே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அது குளத்தைத் தூர்த்த நிலம் என்ற புகாரும் எழுந்தது.

நகரின் மேல்மண் பெரும்பாலும் மென்களிமண். தூணுக்குத் தூண் தனித்தனியே இடப்படும் ஆழமற்ற அடித்தளம் அதில் சீராக அமிழாது. ஒரு மூலை கூடுதலாக இறங்கினாலே கட்டடம் சாயும். கட்டடப் பரப்பு முழுவதற்கும் ஒரே கான்கிரீட் பலகையாக அமையும் 'ராஃப்ட்' அடித்தளமும் ஆழமற்ற வகையே. எனினும் சுமையைப் பரப்பி இவ்வேறுபாட்டைக் குறைக்கும். சுமை மேலும் கூடினால், கெட்டியான அடுக்கு வரை இறங்கும் 'பைல்' எனப்படும் ஆழ அடித்தளம் தேவைப்படும்.

வீடு வாங்குவோர் தரை ஓட்டின் பளபளப்பைப் பார்க்கின்றனர். மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்பவர் அரிது. சாய்வை ஜாக்கி கொண்டு நிமிர்த்த முனைவோரும் முதலில் அறிய வேண்டியது, கீழே இருப்பது எவ்வகை அடித்தளம் என்பதையே.