குடத்து விளக்கும் குன்று விளக்கும்

"சினிமாப் பாட்டெல்லாம் ஒரு சங்கீதமா?" என்று ஒரு சாராரும், "கர்நாடக சங்கீதமா? அது நமக்கு எங்கே புரியப் போகிறது!" என்று மற்றொரு சாராரும் கூறக் கேட்கிறோம். நம் பள்ளியிலும் இந்த இரண்டு கட்சிகள் உண்டு. பாட்டுப் போட்டி பற்றிய அறிக்கை பலகையில் ஒட்டப்படும் நாளில், மதிய உணவு வேளையில் மரத்தடிக்கு வந்தால் இரண்டு கட்சிகளின் வாதத்தையும் கேட்கலாம். இரு கட்சியாரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. கச்சேரி மேடையையும் திரைப்படத்தையும் பிரிக்கும் சுவர் அவர்கள் நினைப்பதைப் போல் அத்தனை உயரமானதன்று. அச்சுவரை எளிதாகத் தாண்டிப் போய், மீண்டும் தாண்டி வந்த ஒரு கலைஞரின் வாழ்க்கையை எங்கள் கருத்துக்குச் சாட்சியாக முன்வைக்கிறோம். அவர்தாம் வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன்.

முருகன் மலைக்கோயிலால் புகழ்பெற்ற குன்றக்குடியில் 1935-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை இராமசாமி சாஸ்திரிகள் வடமொழியிலும் இசையிலும் வல்லவர். அவரே மகனுக்கு ஆசிரியரும் ஆனார். பன்னிரண்டு வயதிலேயே அரியக்குடி இராமானுஜ ஐயங்காருக்கு வயலின் வாசித்தார் சிறுவன் வைத்தியநாதன். பன்னிரண்டு வயது என்றால் நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு! அந்த வயதில், கச்சேரி முறையையே வகுத்துத் தந்த பெரியவரின் பக்கத்தில் அமர்ந்து, அவர் பாடுவதை உடனுக்குடன் வில்லில் வாங்கித் திருப்பித் தருவதென்றால் எத்தனை பயிற்சி வேண்டும்! செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்ற பெரும் வித்வான்களுக்கும் அவர் பக்கவாத்தியம் வாசித்தார். பின்னாளில் பக்கவாத்தியத்தை விட்டுத் தனிக் கச்சேரியே செய்யத் தொடங்கினார். வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு அவர் வயலின் சேர்ந்தபோது தமிழகம் வியந்தது. தவிலோ முழங்கும் கருவி. வயலினோ இழையும் கருவி. இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றுவதற்குத் துணிவு வேண்டுமல்லவா?

இப்படிப்பட்டவர் 1969-இல் திரைப்படத்துக்கு இசையமைக்கப் புறப்பட்டார். இயக்குநர் ஏ.பி. நாகராஜனின் 'வா ராஜா வா' அவருடைய முதல் படம். மாமல்லபுரத்தில் பயணிகளுக்குச் சிற்பங்களைக் காட்டிப் பிழைக்கும் ஓர் ஏழைச் சிறுவனின் கதை அது. நாம் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு வரும் அதே மாமல்லபுரந்தான்! அதன்பின் 1972-இல் 'அகத்தியர்', 'தெய்வம்', 1973-இல் 'ராஜ ராஜ சோழன்', 'திருமலை தெய்வம்', 'காரைக்கால் அம்மையார்' என்று வரிசையாகப் படங்கள் வந்தன. 'ராஜ ராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் என்பதைப் பொது அறிவுப் போட்டிக்குப் படிக்கும் தோழியர் அறிவர்.

சரி, திரைப்படத்துக்குப் போனதால் அவர் சங்கீதம் கெட்டதா? இதுதான் கேள்வி. 'அகத்தியர்' படத்தில் இராவணனும் அகத்தியரும் இசையால் போட்டியிடும் காட்சி ஒன்று உண்டு. டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் பாடிய அந்தப் பாடலில் ஓர் அதிசயம் ஒளிந்திருக்கிறது. பாடலின் சொற்களுக்குள்ளேயே இராகங்களின் பெயர்கள் மறைந்திருக்கின்றன. எந்தப் பெயர் வருகிறதோ அந்த இராகத்திலேயே அந்த இடம் பாடப்படுகிறது. தொடங்கும் இராகம் நாட்டை. இராகம் என்றால் என்னவென்றே அறியாத ஒருவர் நாலு தடவை அப்பாடலைக் கேட்டால் போதும். ஓர் இராகம் முடிந்து மற்றோர் இராகம் தொடங்குவதைக் காது தானே கண்டுபிடித்துவிடும். ஆசிரியரும் இல்லை, பிரம்பும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை! இதைவிட இனிய பாடம் வேறு உண்டோ?

இதே நாட்டை இராகத்தில்தான் தியாகராஜ சுவாமிகளின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுள் முதலாவது அமைந்திருக்கிறது. ஆண்டுதோறும் திருவையாற்றில், காவிரிக் கரையில், வித்வான்கள் கூடியமர்ந்து அதைப் பாடுவர். அந்த ஆராதனை விழாவை நடத்தும் சபையின் செயலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர் யார்? அதே குன்னக்குடி வைத்தியநாதன்தான்! திரையரங்கில் இருந்தவர்களுக்கு நாட்டையைக் காட்டியவரும், திருவையாற்றில் நாட்டையைப் போற்றியவரும் ஒருவரே. இராகம் இடம் பார்த்துக் கெடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

'தெய்வம்' படத்தில் மற்றொரு புதுமை. மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், சூலமங்கலம் சகோதரிகள் என்று கச்சேரி மேடையிலும் பஜனை மேடையிலும் புகழ்பெற்றவர்களை அவர் பாட வைத்தார். மருதமலை முருகனைப் பற்றி மதுரை சோமு பாடிய பாடல் அரை நூற்றாண்டு கடந்தும் கோயில் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கிறது. சபாவின் வாசற்படியை ஒருநாளும் மிதித்திராத எத்தனையோ பேர் ஒரு பெரிய வித்வானின் குரலை அறிந்தது அந்தப் பாடலால்தான். குடத்துக்குள் இருந்த விளக்கைக் குன்றின் மேல் ஏற்றிய செயல் அல்லவா இது? குன்றக்குடியில் பிறந்தவருக்கு இது பொருத்தமானதே!

அவர் தனியாளும் அல்லர். ஜி.என். பாலசுப்பிரமணியமும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் 1940-இல் 'சகுந்தலை' படத்தில் நடித்துப் பாடினர். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் 1962-இல் 'கொஞ்சும் சலங்கை'யில் முழங்கியது. பாலமுரளி கிருஷ்ணா 1965-இல் 'திருவிளையாடல்' படத்துக்குப் பாடினார். பின்பு 'மத்வாச்சார்யா' என்ற கன்னடப் படத்துக்கு இசையமைத்து 1986-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதும் பெற்றார். இவர்களில் எவருடைய சங்கீதம் குறைந்துவிட்டது?

எதிர்க்கட்சியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டோம். நான்கு நிமிடப் பாட்டில் இராகத்தை விரித்து ஆலாபனை செய்ய இயலாது. நிரவல், தனி ஆவர்த்தனம் எல்லாம் அங்கே ஏது? மேலும், குன்னக்குடியார் தம் கச்சேரியில் சினிமாப் பாட்டு வாசித்தார், வயலினில் வேடிக்கை ஒலிகள் எழுப்பினார், கைதட்டலுக்காக வாசித்தார் என்று விமரிசகர்கள் குறை கூறியதும் உண்டு. கைதட்டல் அதிகமானால் ஆலாபனைக்குரிய நேரம் குறையும் என்பது உண்மையே. ஆனால் நாங்கள் கேட்பது ஒன்றுதான். வாசலே வீடாகிவிடாது, ஒப்புக்கொள்கிறோம். வாசலே இல்லாத வீட்டுக்குள் நுழைவது எப்படி?

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். அவர் கையிலிருந்த வயலினே நம் நாட்டில் பிறந்ததன்று. ஐரோப்பியர் கொண்டுவந்த கருவி அது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று, நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். மேல்நாட்டார் மோவாயின் கீழ் வைத்து வாசிப்பதை, நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, மார்புக்கும் பாதத்துக்கும் இடையே வைத்து வாசிக்கிறார்கள். "இது அந்நியக் கருவி" என்று அன்று வாசலை அடைத்திருந்தால் இன்று வயலின் இல்லாத கச்சேரியாகவே இருந்திருக்கும். வெளியிலிருந்து வந்ததை வரவேற்று வளர்ந்த சங்கீதம், வெளியே போவதற்கு மட்டும் அஞ்சுவானேன்?

தோழியரே, இது நமக்குத் தொலைவில் உள்ள விவாதமன்று. சென்னையின் பெரிய சபாக்கள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருக்கின்றன. சேலையூரிலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம் போய், மின்சார ரயிலில் மாம்பலம் போய், கச்சேரி கேட்டு இரவில் திரும்ப எத்தனை பேர் வீட்டில் அனுமதிப்பார்கள்? அதுவும் மார்கழிக் கச்சேரிகள் தொடங்கும் டிசம்பரில்தான் நமக்கு அரையாண்டுத் தேர்வும் வருகிறது! பாட்டு வகுப்புக்குச் சம்பளம் கட்ட எல்லார் வீட்டிலும் வசதி இல்லை. வசதி உள்ள வீட்டிலும், பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் முதலில் நிறுத்தப்படுவது பாட்டு வகுப்புத்தான். "பரீட்சை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். பரீட்சைகள் முடிவதில்லை, பாட்டு முடிந்துவிடுகிறது. இத்தகைய பெண்களுக்கு எஞ்சியிருப்பது அடுப்படி வானொலியிலும் பக்கத்து வீட்டிலும் கேட்கும் திரைப்பாட்டு ஒன்றே. அதையும் "இது சங்கீதமன்று" என்று நாம் பறித்துவிட்டால் அவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

ஆகவே நம் அன்புத் தலைமையாசிரியை அவர்களுக்கும் பாட்டு ஆசிரியை அவர்களுக்கும் இரு விண்ணப்பங்களைப் பணிவுடன் வைக்கிறோம். பாட்டுப் போட்டியில் இராகத்தில் அமைந்த திரைப்பாடல்களுக்கென்று ஒரு பிரிவு வேண்டும். பாடுகிறவள் அந்த இராகத்தின் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொல்லிவிட்டே பாட வேண்டும் என்று விதி வைக்கலாம். இரண்டாவதாக, பாட்டு வகுப்பில் ஒரு நாளேனும் 'அகத்தியர்' பாடலைப் போட்டுக் காட்டி, அதிலுள்ள இராகங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பாட்டு கற்கும் தோழியர் கற்காத தோழியருக்கு உதவட்டும். அன்று மரத்தடியில் கட்சி இராது.

1983-இல் வித்வான் டி.என். சேஷகோபாலனைக் கதாநாயகனாக்கித் 'தோடி ராகம்' என்றே பெயரிட்டு ஒரு படத்தைத் தாமே தயாரித்தார் குன்னக்குடியார். ஓர் இராகத்தின் பெயரைச் சுவரொட்டிகளில் ஏற்றிய அந்தத் துணிவை என்னென்பது! 2006-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். நெற்றி நிறைந்த திருநீறும், பெரிய குங்குமப் பொட்டும், வாசிக்கும்போதே கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கும் முகமும் அவர் கச்சேரிப் படங்களில் இன்றும் நம்மை அழைக்கின்றன. "உனக்குப் புரியாது" என்று அந்த முகம் எவரிடமும் சொன்னதில்லை. இசை கற்ற தோழியரும் அவ்வாறே கல்லாத தோழியரிடம் சிரித்த முகத்தோடு இருப்போமாக. கல்லாத தோழியரும் "புரியாது" என்று ஒதுங்காமல் ஒரு பாட்டையேனும் காது கொடுத்துக் கேட்போமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி