வீட்டு வரி: முதலில் மதிப்பீட்டைத் திருத்து!

நகரசபை அனுப்பும் வரிச் சீட்டில் கட்ட வேண்டிய தொகை இருக்கிறது. அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டால் மில் தொழிலாளிக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது. வரி எத்தனை சதவீதம் ஏறிற்று என்று ஊரெல்லாம் பேசுகிறோம். எதன் மீது ஏறிற்று என்பதைப் பேசுவோர் குறைவு. ஏழை ஏமாறுவதும் பணக்காரன் தப்புவதும் அங்கேதான்.

1920-ம் ஆண்டு மாவட்ட நகரசபைச் சட்டம் ஒரு வழி வகுத்தது. கட்டிடத்தை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்று மதிப்பிட வேண்டும். அதில் 10 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி போட வேண்டும். தொழிலாளி குடியிருக்கும் லயனில் வாடகை எல்லோருக்கும் தெரியும். அங்கே மதிப்பீடு தவறாது. தோட்டம் சூழ்ந்த பங்களாவுக்கும் நாலு மாடிக் கடைக்கும் என்ன வாடகை என்று யார் சொல்வது? மதிப்பிட வரும் அதிகாரியின் ஊகம்தான். அந்த ஊகம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் 1998-லும், மற்ற நகரங்களில் 2008-லும் நடந்த பொதுச் சீரமைப்புக்குப் பிறகு பல ஆண்டுகள் மதிப்பு அப்படியே கிடந்தது. 2018-ல் ஏற்றிய வரி, 2019-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. ஏப்ரல் பிறந்ததும் வரி உயர்வு வந்தது. 15-வது நிதிக் கமிஷன் மானியத்துக்குப் போட்ட நிபந்தனை அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

அந்த உயர்வில் ஒரு நியாயம் இருந்ததை நாம் மறுக்கவில்லை. சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம். 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 சதவீதம். பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு என்பது சரியே. ஆனால் உயர்வு விழுந்தது பழைய மதிப்பின் மீது!

கணக்குப் பார்ப்போம். ஒரு சிறு வீட்டுக்குச் சரியாக மதிப்பிட்டு 400 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்களாவுக்கு நியாயமாக 6,000 ரூபாய் வர வேண்டும். குறைத்து மதிப்பிட்டு 2,000 என்று எழுதியிருக்கிறார்கள். உயர்வுக்குப் பின் சிறு வீட்டுக்கு 500 ரூபாய், பங்களாவுக்கு 4,000 ரூபாய். பங்களாக்காரர் இரண்டு மடங்கு கட்டுவதாகத் தோன்றும். ஆனால் அவர் கட்ட வேண்டியது 12,000. முன்பு தப்பியது 4,000 ரூபாய், இப்போது தப்புவது 8,000 ரூபாய். வரி மட்டுமா இரட்டித்தது? ஏய்ப்பும் இரட்டித்தது!

2024-ல் சென்னையில் மேலும் 6 சதவீதம் ஏறிற்று. வருஷா வருஷம் இப்படி 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் வரி இரட்டிப்பாகும். கூலி அப்படி உயருமா? சொந்த வீடு இல்லாதவர் தமக்கு இது சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரருக்கு ஏறும் வரி அடுத்த மாதம் வாடகையில் வந்து நிற்கும்.

விவசாயத் தொழிலாளிக்கும் இது தூரத்து விஷயமல்ல. 2011-ல் சென்னையைச் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. 2025 தொடக்கத்தில் பல ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது, கிராம மக்கள் பல இடங்களில் எதிர்த்தார்கள். நகரத்து வரி வரும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். சாக்கடையும் குழாயும் வருமுன் வரிச் சீட்டு வந்துவிடும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

வரியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கவும், தெருவிளக்கு எரியவும், குடிநீர் வரவும் நகரசபைக்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் இருக்கும் இடத்திலிருந்து வர வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இது:

1. ஒவ்வொரு கட்டிடத்தின் அளவு, மதிப்பு, வரி ஆகியவற்றைத் தெருவாரியாக எழுதி வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

2. அடுத்த உயர்வுக்கு முன் பெரிய வணிகக் கட்டிடங்கள், கல்யாண மண்டபங்கள், பங்களாக்கள் ஆகியவற்றை முதலில் அளந்து மறுமதிப்பீடு செய்ய வேண்டும்.

3. தானே குடியிருக்கும் ஒரே சிறு வீட்டுக்கு ஆண்டு உயர்வு கூடாது.

4. விலை ஏறட்டும் என்று வளைத்துப் போட்ட காலி மனைகளுக்கு அரசின் வழிகாட்டி மதிப்பின்படி வரி போட வேண்டும்.

5. நகரத்தோடு சேர்த்த கிராமங்களில் சாலை, குடிநீர், சாக்கடை வந்து சேரும் வரை பழைய வரியே நீடிக்க வேண்டும்.

6. வக்கீல் இல்லாமல் ஏழையும் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும். அதற்கு முடிவு சொல்லக் கெடு வேண்டும்.

இவற்றில் முதல் கோரிக்கைக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வரிச் சீட்டை எடுங்கள். தெருவில் உள்ளவர்களின் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வீட்டுக்கு எத்தனை சதுர அடி, எவ்வளவு வரி என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு பத்துப் பேராகச் சேர்ந்து போய் வார்டு உறுப்பினரிடம் கணக்குக் கேளுங்கள். மூடிவைத்த மதிப்பீட்டுப் புத்தகத்தை ஜனங்கள் ஒன்றுபட்டுக் கேட்டால் திறந்துதான் ஆக வேண்டும்.