கடமும் கிதாரும்

மேனாட்டிசையை நம் இசையோடு கலத்தல் இரண்டையுங் கெடுத்தலாகும் என்பார் பலர். கலப்பு அனைத்தும் கேடு என்பதை யாம் ஒப்புவதற்கில்லை. காஞ்சியில் வாழும் எமக்கு இதற்குச் சான்று தறியருகிலேயே உண்டு. சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யுங்கால், நெய்பவரும் துணையாளுமாக இருவர் அமர்ந்து, மூன்று நாடாக்களைச் செலுத்தி இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பர். இதற்குக் கோர்வை என்று பெயர். தாளவித்துவான்கள் தம் கணக்கைச் சமத்திலோ எடுப்பிலோ கொண்டு சேர்க்கும் சொற்கட்டுக்கும் அதுவே பெயர். துணியின்மேற் பூசிய சாயம் வெளுக்கும். கோர்வையோ இழையை அறுத்தாலன்றிப் பிரியாது.

ஜான் மக்லாக்லின் செய்த கலப்பு இக்கோர்வை போன்றது என்பது எம் கருத்து. 1942-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரிற் பிறந்த இவர், 1969-இல் அமெரிக்க ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிசுடன் வாசித்தார். 1971-இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்டிரா என்னுங் குழுவை நிறுவி, மின்விசைக் கிதாரினால் பெரும்புகழ் எய்தினார். அப்புகழின் நடுவே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். பேர்பெற்ற பின்னர் மீண்டும் மாணவராய் அமர்தல் எளிதன்று.

பின்னர்த் தோன்றியதே 'சக்தி' என்னுங் குழு. எல். சங்கர் வயலினும், ஜாகிர் உசேன் தபலாவும், விக்கு விநாயகராம் கடமும் வாசித்தனர். மக்லாக்லின் மின்விசையைத் துறந்தார். மெட்டுக்களின் இடையே மரத்தைக் குடைந்து, தந்தியை அழுத்திக் கமகம் வாசித்தற்கு இசைவாக ஒரு கிதாரைச் செய்வித்துக்கொண்டார். கருவியையே மாற்றிக்கொள்பவரை மேற்பூச்சுக்காரர் என்று எங்ஙனம் கூறுவது? ஆயினும் வேகம் மிக்க இடங்களில் இராகத்திற்கு மூச்சு முட்டுகின்றது என்பதையும் மறைக்கமாட்டோம்.

மூன்று இசைத்தட்டுக்களை வெளியிட்டு, 1978-இல் குழு கலைந்தது. 1997-இல் மீண்டும் கூடியது. பின்னர் மாண்டலின் ஸ்ரீநிவாசும், விநாயகராமின் மைந்தர் செல்வகணேஷும் சேர்ந்தனர். ஸ்ரீநிவாஸ் 2014-இல் தம் நாற்பத்தைந்தாம் வயதிலேயே மறைந்தார். 2023-இல் வெளிவந்த 'திஸ் மொமெண்ட்' அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் ஜாகிர் உசேனும் காலமானார்.

எம்மை மிகவும் வருத்துவது வேறொன்று. அக்குழுவில் கடம் பக்கத்துணையன்று. கிதாருக்கு வினாவும் விடையும் கூறும் சமமான குரல். நம் சபைகளிலோ அது உபபக்கவாத்தியம். வித்துவான் பின்வரிசையில் இரண்டு மணிநேரம் காத்திருப்பார். தனியாவர்த்தனம் தொடங்கியதும் அவையோர் காப்பி நாடி எழுந்துவிடுவர். யாமும் ஒருமுறை எழுந்ததுண்டு. திரும்பி வந்தபோது அவர் முத்தாய்ப்பு வைத்து முடித்துவிட்டார்.

தாளக் கருவிகளுக்கு மதிப்பளிக்க மேனாட்டார் வந்து கற்பிக்கவேண்டியதில்லை. இக்காஞ்சியிலே வாழ்ந்த நயினாப் பிள்ளை (1889–1934), மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் முதலியவை புடைசூழ 'புல்பெஞ்சு' கச்சேரி செய்தவர். கடினமான தாளங்களிற் பல்லவி பாடி, அத்தனை பேருக்கும் ஈடுகொடுத்தவர். அது பாட்டன்று, கணக்கு என்று குறைகூறுவாரும் உளர். அவர் தம் குரலொன்றையே முன்னிறுத்தி ஏனையோரை அடக்கிவைத்திருந்தால், அக்குறைக்கு இடமே இராது. எனினும் அவ்வழியை அவர் விரும்பினாரல்லர். அவர் வாழ்ந்த ஊரினராகிய நாம் கடத்தின் பெருமையை அயல்நாட்டு இசைத்தட்டில் கேட்டு வியக்கின்றோம்.

எம் கல்லூரியின் அடுத்த இசைவிழாவிலேனும் கடம் வாசிப்பவரைப் பாடகருக்கு இணையாக முன்வரிசையில் அமர்த்துமாறு மாணவர் மன்றத்தாரை வேண்டுகின்றோம். தனியாவர்த்தனம் முடியும்வரை சிற்றுண்டிச் சாலையை அடைத்துவைப்பின் இன்னும் நன்று.