பீன்யாவின் இரு கோபங்கள்

அரசியலில் உணர்ச்சிக்கு இடமில்லை, அறிவு மட்டுமே பேச வேண்டும் என்ற உபதேசம் முதலாளித்துவ நாளேடுகளின் தலையங்கங்களில் ஓய்வதே இல்லை. தொழிலாளி வேலையை நிறுத்தினால் அது உணர்ச்சிவசப்பட்ட கும்பலின் செயல். முதலாளி ஆலையை மூடினால் அது பொருளாதார நிர்ப்பந்தம். பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டை 2016ஆம் ஆண்டில் ஐந்து மாத இடைவெளியில் இருமுறை கொதித்தது. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எவரும் இந்த உபதேசத்தை ஏற்க மாட்டார்.

ஏப்ரலில் எழுந்த கணக்கு

2016 பிப்ரவரி 10 அன்று மத்திய பாஜக அரசு வருங்கால வைப்புநிதி விதிகளைத் திருத்தியது. வேலையை விட்டு நிற்கும் தொழிலாளி தன் பங்கை மட்டுமே எடுக்கலாம். முதலாளி செலுத்திய 3.67 சதவீதத்தை 58 வயதுக்குப் பிறகே தொட முடியும் என்றது அந்த அறிவிக்கை. ஆயத்த ஆடை ஆலைகளில் 58 வயதுவரை தையல் இயந்திரத்தின் முன் அமரும் பெண் எங்கே இருக்கிறார்? நாற்பதைத் தாண்டுவதற்குள் கண்ணும் முதுகும் தேய்ந்து வெளியேற்றப்படுபவர்களே அங்கு மிகுதி. மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், கந்துக் கடன் அனைத்துக்கும் அவர்களிடம் இருந்த ஒரே சேமிப்பு அந்த நிதிதான்.

ஏப்ரல் 18 அன்று ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளிப் பகுதியில் பெண் தொழிலாளர்கள் சாலைக்கு வந்தனர். மறுநாள் தும்கூர் சாலை, ஜாலஹள்ளி கிராஸ், பீன்யா எங்கும் போராட்டம் பரவியது. எந்தச் சங்கமும் அழைப்பு விடுத்திருக்கவில்லை. பேருந்துகள் எரிந்தன, தடியடியும் கண்ணீர்ப்புகையும் தொடர்ந்தன. ஊடகங்கள் வதந்தியை நம்பித் தெருவுக்கு வந்த பெண்கள் என்று எழுதின. அன்று மாலைக்குள் தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அறிவிக்கையை முற்றாகத் திரும்பப் பெற்றார். வதந்திக்கு அஞ்சியா ஓர் அரசு ஆணையைத் திரும்பப் பெறும்?

அதே ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வைப்புநிதியிலிருந்து எடுக்கும் தொகையின் 60 சதவீதத்துக்கு வரி என்று அருண் ஜேட்லி அறிவித்தபோது நடுத்தர வர்க்கம் கொந்தளித்தது. மார்ச் 8 அன்று அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கொந்தளிப்பை யாரும் கும்பல் வெறி என்று எழுதவில்லை. ‘பொதுக் கருத்து’ என்றார்கள். நிதி ஒன்று, கோபம் ஒன்று. கோபப்பட்டவரின் வர்க்கம் மாறியதும் பெயரும் மாறிவிட்டது. இங்கிலாந்தில் இயந்திரங்களை உடைத்த தொழிலாளர்களைப் பற்றியும் நூறாண்டுகளுக்கு மேல் இப்படியே எழுதப்பட்டது. அதுவும் ஒரு கூலிப் பேரமே என்று எரிக் ஹாப்ஸ்பாம் 1952இல் நிறுவும் வரை அவர்கள் மூடர்களாகவே வரலாற்றில் நின்றனர்.

செப்டம்பரில் மூட்டப்பட்ட தீ

செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு வினாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாட்களுக்குக் காவிரி நீரைத் திறக்க உத்தரவிட்டது. செப்டம்பர் 12 அன்று அதை 12,000 கன அடியாகக் குறைத்து, 20ஆம் தேதி வரை நீட்டித்தது. நாளளவு குறைந்தது, நாட்கள் கூடின. கர்நாடகத்துக்கு இது நிவாரணமா, கூடுதல் சுமையா என்று விவாதிக்க உண்மையான இடம் இருந்தது. மண்டியாவின் கரும்பு விவசாயிக்கும் குறுவையை இழந்த தஞ்சை விவசாயிக்கும் இருந்த கவலை மெய்யானது.

ஆனால் அன்று பெங்களூருவில் பேசியது அந்தக் கவலையன்று. முகநூலில் கன்னட நடிகர்களைக் கேலி செய்ததாக ஒரு தமிழ் மாணவர் தாக்கப்பட்ட காணொளியும், ராமேஸ்வரத்தில் கர்நாடக ஓட்டுநர் அறையப்பட்ட காணொளியும், சென்னையில் நியூ உட்லண்ட்ஸ் ஓட்டல் தாக்கப்பட்ட செய்தியும் கைப்பேசிகளில் சுற்றின. தமிழகப் பதிவெண் வாகனங்கள் தேடித் தேடிக் கொளுத்தப்பட்டன. ஒரு தனியார் போக்குவரத்து நிறுவனத்தின் பல பேருந்துகள் ஒரே இடத்தில் சாம்பலாயின. பீன்யாவை அடுத்த ஹெக்கனஹள்ளியில் 25 வயது இளைஞர் ஒருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். பீன்யா உட்பட 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. 1991 டிசம்பரை, அரசுக் கணக்கிலேயே 18 உயிர்களைப் பறித்த அந்த நாட்களை, நினைவில் வைத்திருந்த தமிழ்க் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டன. அந்த அச்சமும் உணர்ச்சிதான். ஆனால் அதற்குள் கால் நூற்றாண்டின் அனுபவம் இருந்தது.

பீன்யாவில் மின்முலாம் பட்டறைகளின் கழிவால் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது ஊரறிந்த செய்தி. 2007இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடக்கி வைக்கப்பட்டது. தன் தெருக் குழாயில் வராத காவிரிக்காகத் தன்னைப் போலவே கூலிக்கு ஓட்டும் ஓட்டுநரின் லாரியை எரிக்க ஓர் இளைஞர் அனுப்பப்பட்டார். குரோமியத்துக்காக ஒரு பேருந்தும் எரியவில்லை. எரிக்கச் சொல்ல அதில் யாருக்கும் ஆதாயமும் இல்லை.

தமிழகத்திலும் இதே சரக்கு விற்கப்பட்டது. செப்டம்பர் 15 அன்று இனவாதிகளின் சென்னைப் பேரணியில் ஓர் இளைஞர் தீக்குளித்து மாண்டார். காவிரி மேலாண்மை வாரியத்தை நான்கு வாரங்களில் அமைக்குமாறு செப்டம்பர் 20இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அக்டோபர் 3 அன்று அவ்வாறு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று நிதானமான சட்ட மொழியில் வாதிட்டது மோடி அரசு. அதில் துளியும் உணர்ச்சி இல்லை. இரு மாநில விவசாயிகளையும் மோதவிட்ட அந்தத் தாமதத்தைவிடக் குளிர்ந்த ‘அறிவு’ வேறெது?

புள்ளிவிவரம் போதுமா?

தோழர்களிடையேயும் ஒரு கருத்து உலவுகிறது. இனவாதிகள் உணர்ச்சியைக் கிளறட்டும், நாம் உண்மைகளைச் சொல்வோம், மக்கள் தாமே புரிந்துகொள்வார்கள் என்பது அது. கேட்க நேர்மையாக இருக்கிறது. ஆனால் ஏப்ரலைப் படிக்காதவர்களின் வாதம் அது. 3.67 சதவீதம் என்ற எண்ணைப் பீன்யாவின் பெண்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. அந்த எண் அவர்களின் வாழ்க்கையில் வந்து விழுந்தது. கோபம் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது. சங்கங்கள் பின்னால் ஓடிவர வேண்டியிருந்தது. செப்டம்பரிலோ பற்றாக்குறை ஆண்டில் நீரை எந்த விகிதத்தில் பகிர்வது என்ற கேள்வி தீர்ப்புகளுக்குள்ளேயே கிடந்தது. தெருவில் காணொளிகள் மட்டுமே இருந்தன.

ஏப்ரலில் ஜாலஹள்ளி கிராஸில் தோளோடு தோள் நின்ற பெண்களிடையே கன்னடமும் தமிழும் தெலுங்கும் பேசுவோர் இருந்தனர். அந்தக் கூட்டத்தைச் செப்டம்பர் வரை கூட்டமாகவே வைத்திருக்க ஒரு ஆலைக் குழு, ஒரு வாயிற் கூட்டம், இரு மொழியில் ஒரு துண்டறிக்கை தேவைப்பட்டது. கைது, வழக்கு, வேலைநீக்கம் என்று அவர்கள் தனித்தனியே சிதறியிருந்த ஐந்து மாதங்களில் அந்த வேலையை யார் செய்தார்கள் என்ற கேள்விக்கு இரு மாநில இயக்கங்களும் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த பற்றாக்குறை ஆண்டுக்கு முன்பே பதில் வந்தாக வேண்டும்.