இரண்டாவது டர்போ

நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரு நாள் கூட நிற்கக் கூடாத காரியம் ஒன்று உண்டு. நிலக்கரி வெட்டுவதைச் சொல்லவில்லை; தண்ணீர் இறைப்பதைத்தான் சொல்கிறேன். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்று நீர் பெரும் அழுத்தத்துடன் நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்துக் கொண்டிருந்தால்தான் சுரங்கம் பிழைக்கும். 1957-ஆம் வருஷம் தோண்டத் தொடங்கிய காலத்தில் எஞ்சினீயர்களை மிகவும் அச்சுறுத்திய விஷயம் இதுவே.

அந்த நகரியத்துச் சாலைகளில், அனல் நிலையச் சாம்பலை ஏற்றிக்கொண்டு போகும் டீஸல் லாரிகளுக்குள்ளும் இதே கதை சிறிய அளவில் நடைபெறுகிறது. அங்கே ஓயாமல் ஓட வேண்டியது தண்ணீரன்று, எண்ணெய். அது ஒரு கணம் நின்றால் போவது டர்போ.

டர்போ என்பது, வீணாக வெளியே போகும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினீயர் ஆல்பிரட் பூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் தமிழ்நாட்டிலேயே டர்போக்கள் தயாராகின்றன என்பது மகிழ்ச்சிக்குரிய சமாசாரம். அதன் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கூடச் சுழலும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான்.

ஒரே லாரியை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவர்களை எண்ணிப் பாருங்கள். டர்போ கெட்டால் வண்டி நிற்கும்; கடன் தவணை நிற்காது. நகையை அடகு வைத்துப் புது டர்போ வாங்கி, வீட்டு வாசலிலேயே மாட்டி விடுகிறார்கள். சில நாட்களில் அதுவும் போய் விடுகிறது. “நம் ஜாதகம் அப்படி!” என்கிறார்கள். ஜாதகத்தின் மீது குற்றமில்லை. டர்போ தானாகச் சாவது அபூர்வம். முதல் டர்போவைக் கொன்ற காரணம் அங்கேயே உட்கார்ந்திருந்து இரண்டாவதையும் கொன்றது.

ஆகையால் கழற்றுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். கரும்புகை வந்து இழுவை குறைந்தால், முதலில் காற்றுக் குழாய்களையும் கிளாம்புகளையும் பாருங்கள். ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், பழி டர்போவின் மேல் விழும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, சக்கரம் கூட்டில் உரசினாலோ அதன் ஆயுள் முடிந்தது. இறக்கைகளின் ஓரம் தேய்ந்திருந்தால் கொன்றது தூசி. ஏர் பில்டரைப் பாருங்கள். இறக்கை நன்றாயிருந்து தண்டு கருகியிருந்தால் கொன்றது எண்ணெய்ப் பஞ்சம்.

புதியதை மாட்டும்போது பழைய எண்ணெயையும் ஆயில் பில்டரையும் மாற்றிவிட வேண்டும். எண்ணெய் வரும் சிறு குழாய் உள்ளே கரி பிடித்து அடைத்திருக்கும். அதையும் மாற்றுவதே உத்தமம். எண்ணெய் வழியில் பசை தடவாதீர்கள். அது உதிர்ந்து போய் வழியை அடைக்கும். உடைந்த துண்டுகள் இன்டர்கூலரில் தங்கியிருந்தால் அவற்றை நீக்க வேண்டும். புது டர்போவின் எண்ணெய்த் துவாரத்தில் சுத்தமான எண்ணெயை ஊற்றித் தண்டைக் கையால் சுழற்றிய பிறகே குழாயை இணைக்க வேண்டும். கிளப்பியதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் சில நிமிஷம் மெதுவாக ஓட விடுங்கள்.

இவ்வளவும் வீட்டில் செய்யலாம். தண்டையும் சக்கரத்தையும் பிரித்துப் பழுது பார்ப்பது மட்டும் கூடாது. அந்த வேகத்தில் கடுகளவு எடை மாறினாலும் ஆபத்து. அதற்குச் சமன் பார்க்கும் யந்திரம் உள்ள பட்டறை வேண்டும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. டர்போவின் சீல் போய் எஞ்சின் தன் எண்ணெயையே குடிக்கத் தொடங்கினால், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வெறி பிடித்தாற்போல் ஓடும். அப்போது காற்று நுழையும் வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ ஒருபோதும் அடைக்கக் கூடாது. கிட்டே நெருங்க முடியாதென்றால் எல்லோரும் விலகி நிற்பதே விவேகம். எஞ்சின் போனால் வேறு வாங்கலாம்.

கடைசியாகக் குடும்பத் தலைவிகளுக்கு ஒரு வேண்டுகோள். தூரப் பிரயாணம் முடிந்து வாசலில் வந்து நின்ற லாரி, உடனே அணையாமல் இரண்டு நிமிஷம் முனகிக் கொண்டிருந்தால், “டீஸல் வீணாகிறதே!” என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். சூடேறிய தண்டு எண்ணெயில் குளித்து இளைப்பாறுகிறது. அந்த இரண்டு நிமிஷ டீஸல், அடகுக் கடைக்குப் போகாமல் உங்கள் வளையல்களைக் காப்பாற்றுகிறது.